கடலடிச் சோனார் படத்தில் நெளிவும் மங்கலும்: புதியவருக்கான அசைவுத் திருத்த வழிகாட்டி

கடலடியில் நேராகக் கிடக்கும் எண்ணெய்க் குழாய் சோனார் திரையில் பாம்பைப்போல நெளிந்து தெரிந்தால், முதன்முறை பார்ப்பவர் குழாயே வளைந்துவிட்டது என்று எண்ணுவார். வளைந்தது குழாய் அன்று; அதைப் படமெடுத்துக்கொண்டு சென்ற கருவிதான் தலையை இடமும் வலமுமாகத் திருப்பியிருக்கிறது. அந்தத் திருப்பத்தைப் படத்திலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி, கணினியில் எந்த அளவுக்குச் சரிசெய்யலாம், எந்த இடத்தில் கைவிட்டுவிட்டு மறுபடி கடலுக்குப் போக வேண்டும் என்பவற்றைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். படகிலிருந்து கம்பிவடத்தில் இழுத்துச் செல்லும் பக்கவாட்டு வருடு சோனாரை, அதாவது துறையில் எல்லாரும் சைடு ஸ்கேன் என்று சொல்லும் கருவியை, எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். புதியவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் அதுதான்.

படம் எப்படி உருவாகிறது

இழுத்துச் செல்லப்படும் உருளை வடிவக் கருவியை டோஃபிஷ் என்பார்கள். அதன் இரு பக்கங்களிலும் ஒலிக்கருவிகள் நீளவாக்கில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பக்கமும் அனுப்பும் ஒலிக்கற்றை, செல்திசையில் மிகக் குறுகலாகவும், அதாவது 1 பாகைக்கும் குறைவாகவும், மேலிருந்து கீழாக 40 முதல் 50 பாகை வரை அகலமாகவும் இருக்கும். ஆகவே ஒரு பிங், அதாவது ஒரு முறை அனுப்பப்படும் ஒலித்துடிப்பு, கடலடியில் ஒரு மெல்லிய கீற்றை மட்டுமே தொடுகிறது. அந்தக் கீற்றிலிருந்து திரும்பும் எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வருகிறதோ அதுவே தூரமாகவும், எவ்வளவு வலுவாக வருகிறதோ அதுவே வெளிச்சமாகவும் எழுதப்படுகிறது. இப்படிப்பட்ட கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கிடைப்பதுதான் நாம் பார்க்கும் படம்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. கடல்நீரில் ஒலியின் வேகம் ஏறக்குறைய நொடிக்கு 1,500 மீட்டர். ஒரு பக்கத்துக்கு 100 மீட்டர் எல்லை வைத்தால், அதாவது அவ்வளவு தூரம் வரை எதிரொலிக்குக் காத்திருந்தால், ஒலி போய்த் திரும்ப 200 மீட்டர் பயணம், அதற்கு 0.133 நொடி ஆகும். எனவே நொடிக்கு ஏழு பிங்குகளுக்குச் சற்று அதிகமாக மட்டுமே அனுப்ப முடியும். படகு 4 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல், போகிறதென்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவே 27 சென்டிமீட்டர் இடைவெளி விழும். செல்திசையில் 100 மீட்டர் நீளமுள்ள ஒரு படம் நிறைவதற்கு ஏறத்தாழ 50 நொடி ஆகும். கடலில் 8 நொடிக்கு ஓர் அலை வந்துகொண்டிருந்தால் அந்த ஒரே படத்துக்குள் ஆறு அலைகளின் குலுக்கல் பதிந்துவிடும். நிழற்படத்தில் கை நடுங்கினால் படம் முழுவதும் ஒரே மாதிரி மங்கும். சோனார் படத்தில் ஒவ்வொரு கோடும் தனித்தனி நிலையிலிருந்து எடுக்கப்பட்டதாகையால், நடுக்கம் ஒரு வடிவமாகவே படத்தில் எழுதப்பட்டிருக்கும். இது ஒருவகையில் நமக்கு நல்லதுதான். அந்த வடிவத்தைப் படிக்கத் தெரிந்தால் என்ன அசைவு நடந்தது என்பது தெரிந்துவிடும்.

தெளிவுத்திறன் இரு திசைகளில் இரு விதமாக இருக்கும் என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் வைக்க வேண்டும். குறுக்குத்திசையில் அதைத் தீர்மானிப்பது துடிப்பின் நீளம். 100 மைக்ரோநொடித் துடிப்பு ஏழரை சென்டிமீட்டரைப் பிரித்துக்காட்டும், தூரம் எதுவானாலும். செல்திசையில் அதைத் தீர்மானிப்பது கற்றையின் அகலம்; 0.3 பாகைக் கற்றை 20 மீட்டரில் 10 சென்டிமீட்டரும் 100 மீட்டரில் அரை மீட்டருக்கு மேலும் விரிந்திருக்கும். படத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு பாறை செல்திசையில் இழுபட்டுத் தெரிவது இதனால்தான். அது அசைவினால் வந்த குறை அன்று. அதைத் திருத்த முயல வேண்டாம்.

கடலில் செய்ய வேண்டியவை

அசைவுத் திருத்தம் என்றால் மென்பொருள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்தில் முக்கால்வாசி வேலை டோஃபிஷை நீரில் இறக்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். மென்பொருளால் எதிரொலிகளை அவை வந்த இடத்தில் கொண்டுபோய் வைக்க முடியும். ஒலி படாத இடத்துக்கு எதிரொலியை உண்டாக்க முடியாது.

முதலில் எல்லையையும் உயரத்தையும் வேகத்தையும் சேர்த்தே முடிவுசெய்யுங்கள். டோஃபிஷ் கடலடியிலிருந்து இருக்க வேண்டிய உயரம், வைத்திருக்கும் எல்லையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை என்பது பழகிய விதி. 100 மீட்டர் எல்லைக்கு 10 முதல் 20 மீட்டர். அதற்கு மேலே போனால், பொருள்களுக்குப் பின்னால் ஒலி படாமல் இருளும் நிழல்கள் குறுகி, சிறு பொருள்கள் தரையோடு கலந்துவிடும். அதற்குக் கீழே போனால் ஓரங்களுக்குச் சரியாக ஒலி சேராது, டோஃபிஷ் கடலடிப் பாறையில் மோதும் ஆபத்தும் உண்டு. அதிர்வெண்ணும் எல்லையோடு இணைந்ததே. 100 கிலோஹெர்ட்ஸ் சில நூறு மீட்டர் வரை போகும். 400 அல்லது 500 கிலோஹெர்ட்ஸ் ஏறத்தாழ 150 மீட்டரோடு நின்றுவிடும். 900 கிலோஹெர்ட்ஸ் மிக நுணுக்கமாகக் காட்டும், ஆனால் அதன் பயன் சில பத்து மீட்டர்களுக்குள்தான்.

வேகத்தைத் தீர்மானிக்க, தேடும் பொருளின் மேல் எத்தனை பிங் விழும் என்று எண்ணிப் பாருங்கள். 1 மீட்டர் அளவுள்ள பொருளின் மேல், 4 நாட் வேகத்தில், 50 மீட்டர் எல்லையில் ஏழு பிங் விழும். 100 மீட்டர் எல்லையில் மூன்று அல்லது நான்கு. 150 மீட்டர் எல்லையில் இரண்டே இரண்டு. இரண்டு பிங் விழுந்த பொருளைத் திரையில் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். சர்வதேச நீர்ப்பரப்பு வரைவியல் அமைப்பின் எஸ்-44 தரநிலை, துறைமுகம் போன்ற மிக நுட்பமான பகுதிகளில் 1 மீட்டர் கனசதுரப் பொருள்கூடத் தப்பக்கூடாது என்கிறது. அப்படிப்பட்ட பணிக்கு எல்லையைக் குறைப்பதையோ வேகத்தைக் குறைப்பதையோ தவிர வேறு குறுக்குவழி இல்லை.

பிறகு, செல்கோடுகளின், அதாவது படகு போய்வரும் தடங்களின், திசை. கடலோரத்தார் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்துக்குக் குறுக்கே இழுத்தால், டோஃபிஷ் ஒரு திசையை நோக்கிக்கொண்டு வேறொரு திசையில் நகரும். இந்தக் கோணம் 10 பாகை என்றால் 100 மீட்டர் தூரத்தில் உள்ள பொருள் 17 மீட்டர் தள்ளிப் பதிவாகும். திசைகாட்டி நன்றாக வேலை செய்தால் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்றாலும், நீரோட்டத்தை ஒட்டியோ எதிர்த்தோ கோடுகளை வகுப்பதே மேல். அலை ஒரே பக்கமாக அடித்துப் படகை உருட்டும் திசையையும் தவிர்க்க வேண்டும்.

படகின் குலுக்கல் டோஃபிஷுக்குப் போய்ச் சேரும் பாதை இழுவடம். நீளமான வடம் ஓரளவு அதிர்வை விழுங்கிவிடும். ஆழமில்லாத நீரில் வடத்தைக் குறுக்க வேண்டியிருப்பதால் படகு ஏறி இறங்கும்போதெல்லாம் டோஃபிஷும் சுண்டி இழுபடும். ஆழ்கடலில் இழுவடத்தின் முனையில் கனமான எடையைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் நீரில் மிதக்கவும் அமிழவும் செய்யாத அளவான டோஃபிஷை இன்னொரு தளர்ந்த வடத்தில் இணைப்பார்கள்; குலுக்கலை எடை வாங்கிக்கொள்ளும். வடமே இல்லாத தன்னியக்க நீர்மூழ்கிகள் இன்னும் அமைதியாகச் செல்லும். 2009ஆம் ஆண்டு அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் சிதைவுகளை, 2011 ஏப்ரலில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தவை உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் இயக்கிய ரெமஸ் 6000 என்னும் அத்தகைய நீர்மூழ்கிகள்தாம். அவை சுமந்து சென்றதும் சைடு ஸ்கேன் சோனாரே.

எவற்றைப் பதிவுசெய்ய வேண்டும்

எதிரொலித் தரவைப் பதிவுசெய்ய எவரும் மறப்பதில்லை. மறப்பதெல்லாம் மற்றவற்றைத்தான். டோஃபிஷின் திசை, ரோல் எனப்படும் பக்கவாட்டு உருளல், பிட்ச் எனப்படும் முன்பின் சாய்வு, ஆழம், தரையிலிருந்து உயரம், படகின் ஜிபிஎஸ் இருப்பிடம், வெளியே விட்டிருக்கும் வடத்தின் நீளம், ஜிபிஎஸ் ஆன்டெனாவிலிருந்து வடம் இறங்கும் கப்பி வரையுள்ள தூரம் ஆகிய எல்லாம் ஒரே கடிகாரத்தின் நேரத்தோடு பதிவாக வேண்டும். ஜிபிஎஸ் கடிகாரமும் சோனார்க் கணினியின் கடிகாரமும் ஒரு நொடி வேறுபட்டால் படம் முழுவதும் 2 மீட்டர் நகர்ந்துவிடும். நகர்ந்தது ஒரே சீராக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது என்பதே இதில் உள்ள தொல்லை. வடத்தை விடும்போதும் இழுக்கும்போதும் நீளத்தை நேரத்தோடு ஒரு நோட்டுப்புத்தகத்திலும் எழுதி வையுங்கள். வடத்தை 40 மீட்டரிலிருந்து 65 மீட்டராக்கிவிட்டு எழுத மறந்த ஒரு பிற்பகலுக்காக நான் மூன்று நாள் கணினி முன் உட்கார்ந்திருந்தேன்.

ஒலிவேகத்தையும் அளந்துவையுங்கள். பல கருவிகள் 1,500 என்று முன்னமே எழுதிவைத்துக்கொண்டுதான் வருகின்றன. 29 பாகை செல்சியஸ் வெப்பமும் ஆயிரத்துக்கு 34 பங்கு உப்பும் உள்ள நீரில் ஒலிவேகம் ஏறக்குறைய 1,542. மன்னார் வளைகுடா போன்ற வெப்பக் கடல்களில் இதை மாற்றாமல் விட்டால் 100 மீட்டர் என்று காட்டும் இடம் உண்மையில் 102.8 மீட்டரில் இருக்கும். மேல்நீர் சூடாகவும் கீழ்நீர் குளிர்ந்தும் அடுக்கடுக்காக இருந்தால் ஒலி வளைந்து போகும். அப்போது படத்தின் ஓரங்களில் திரைச்சீலை அசைவதைப்போன்ற பட்டைகள் தோன்றும். அவற்றை அலைக் குலுக்கல் என்று எண்ணித் திருத்தப் புறப்பட்டால் முடிவே இராது. டோஃபிஷை அந்த அடுக்குக்குக் கீழே இறக்குவதுதான் வழி.

படத்தைப் பார்த்தே அசைவை இனங்காணுதல்

எந்தத் திருத்தமும் செய்வதற்கு முன், மூலப் படத்தை நிதானமாகப் பாருங்கள். நடுவில் ஒரு கருத்த பட்டை இருக்கும். அது டோஃபிஷுக்கும் தரைக்கும் இடையிலுள்ள நீர். அதன் விளிம்பில் தொடங்கும் முதல் எதிரொலிதான் நேர் கீழே உள்ள தரை. இந்த விளிம்பு அலையலையாக ஏறி இறங்கினால் டோஃபிஷ் மேலும் கீழும் போய்வந்திருக்கிறது. இதை ஹீவ் என்பார்கள். தரையே மேடு பள்ளமாக இருந்தாலும் இப்படித்தான் தெரியும். ஆழமானியின் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆழமும் அதே தாளத்தில் மாறியிருந்தால் குற்றம் டோஃபிஷுடையது.

மிகுந்த சேதம் செய்வது யா, அதாவது தலை இடவலமாகத் திரும்புதல். ஒரு பாகை திரும்பினாலே 100 மீட்டரில் உள்ள பொருள் 1.75 மீட்டர் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். 10 மீட்டரில் உள்ளதோ 17 சென்டிமீட்டர்தான் நகரும். எனவே நடுவில் அமைதியாகவும் ஓரத்தில் கொந்தளிப்பாகவும் இருக்கும் படம் யா அசைவைக் காட்டுகிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. டோஃபிஷ் வலப்பக்கம் தலையைத் திருப்பும்போது வலக்கற்றை பின்னோக்கியும் இடக்கற்றை முன்னோக்கியும் வீசும். பின்னோக்கி வீசும் பக்கத்தில் ஒரே தரை மீண்டும் மீண்டும் படமாகும்; மறுபக்கத்தில் கோடுகள் விசிறியைப்போல விரிந்து இடைவெளி விழும். ஆகவே இடப்பக்க நெளிவும் வலப்பக்க நெளிவும் எதிரெதிராக இருந்தால் அது யா. இரண்டு பக்கமும் ஒன்றுபோல முன்னே போய்ப் பின்னே வந்தால் அது பிட்சோ, வடம் சுண்டியதால் வந்த வேக மாற்றமோ ஆகும்.

பிட்சினால் வரும் நகர்வு, உயரத்தைப் பொறுத்தது. 15 மீட்டர் உயரத்தில் 3 பாகை சாய்ந்தால் நேர் கீழே 80 சென்டிமீட்டர் அளவுக்கு முன்பின் நகரும். அந்த நகர்வு படத்தின் அகலம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாகவே இருக்கும் என்பதால் யாவைப்போலத் துருத்திக்கொண்டு தெரியாது. வேக மாற்றத்தைக் கண்டுபிடிக்க வட்டமான பொருள்களைத் தேடுங்கள். லாரி டயர் ஒன்று ஓரிடத்தில் நீளமாகவும் இன்னோரிடத்தில் தட்டையாகவும் தெரிந்தால், படகு அலையில் சறுக்கியும் தயங்கியும் போயிருக்கிறது.

ரோல் வடிவத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தூரம் நேரத்தால் அளக்கப்படுவதால் டோஃபிஷ் உருண்டாலும் பொருள் அதே தூரத்திலேயே பதிவாகும். கெடுவது வெளிச்சம். ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கருத்து, சில நொடிகளில் இது மாறிமாறி வந்தால் கற்றைகள் தரையை விட்டு மேலேயும் கீழேயும் சாய்ந்திருக்கின்றன என்று பொருள்.

இவற்றையெல்லாம்விட நுட்பமான ஒன்று இருக்கிறது. அனுபவமுள்ளவர்களும் இதைத் தவறவிடுவார்கள். 100 மீட்டருக்குப் போன ஒலி திரும்ப 0.133 நொடி ஆகும் என்றோம். அந்த நேரத்துக்குள் டோஃபிஷ் நொடிக்கு 3 பாகை வீதம் திரும்பிக்கொண்டிருந்தால், ஒலியை அனுப்பிய திசைக்கும் கேட்கும் திசைக்கும் இடையே 0.4 பாகை வேறுபாடு வந்துவிடும். கற்றையின் அகலமே 0.3 பாகை என்னும்போது, எதிரொலி வரும் நேரத்தில் காது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. விளைவாக, ஓரங்களில் ஓரிரு கோடுகள் மட்டும் திடீரென இருண்டு, நடுப்பகுதி வெளிச்சமாகவே இருக்கும். இதற்குக் கணினியில் மருந்து இல்லை. அந்தக் கோடுகளை வெளிச்சமாக்கினால் இரைச்சல்தான் பெரிதாகும். எனவே திரும்பிய கோணத்தைவிடத் திரும்பிய வேகத்தையே தரத்தின் அளவாகக் கொள்ளுமாறு புதியவர்களிடம் நான் சொல்வேன்.

குத்துக்கோடுகள், புள்ளிச் சிதறல்கள், ஒழுங்கான இடைவெளியில் வரும் சிறு சிறு கீற்றுகள் ஆகியவை அசைவைச் சார்ந்தவை அல்ல. ஒலியால் ஆழம் அளக்கும் படகின் எக்கோசவுண்டர், சுழலியின் நுரை, வெப்பக் கடல்களில் ஓயாமல் சொடுக்கும் இறால்வகைகள் ஆகியவை அவற்றுக்குக் காரணமாகலாம்.

கணினியில் திருத்தும் வரிசை

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில் வேலை செய்யுங்கள். பெரும்பாலும் அது எக்ஸ்டிஎஃப் வடிவில் இருக்கும். எம்பி-சிஸ்டம், ஓப்பன் சைடுஸ்கேன் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் இருக்கின்றன. எதைப் பயன்படுத்தினாலும் படிகளின் வரிசை ஏறத்தாழ ஒன்றே. அந்த வரிசையை மாற்றினால் பின்வரும் படி முன்வந்த படியின் பிழையையும் சேர்த்துப் பெருக்கிவிடும்.

முதற்படி, வழித்தடத்தைத் தூய்மை செய்தல். ஜிபிஎஸ் திடீரென்று தாவிய புள்ளிகளை நீக்கிவிட்டு, மீதியை மென்மையாக்க வேண்டும். எவ்வளவு மென்மையாக்குவது என்பதில்தான் நிதானம் தேவை. டோஃபிஷின் இருப்பிடம் சட்டென்று மாறாது. ஆகவே அதை 20, 30 நொடிகளுக்குச் சராசரி எடுக்கலாம். திசையோ அலையின் தாளத்தில் உண்மையாகவே மாறிக்கொண்டிருக்கும். அலை 8 நொடிக்கு ஒன்று என்றால் திசையை ஒரு நொடிக்கு மேல் சராசரி எடுக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒரே அளவைப் பயன்படுத்துவதே புதியவர் செய்யும் முதல் தவறு. அதிகமாக மென்மையாக்கினால் திசைகாட்டியின் நடுக்கத்தோடு உண்மையான யா அசைவும் அழிந்துபோகும். நெளிந்த குழாய் நெளிந்தபடியே நிற்கும். குறைவாக மென்மையாக்கினால் திசைகாட்டியின் நடுக்கம் ஓரங்களைக் கிழித்துப்போடும்.

இரண்டாவது, லேபேக் எனப்படும் பின்தங்கல் கணக்கு. ஜிபிஎஸ் சொல்வது படகின் இடம். நமக்கு வேண்டியது டோஃபிஷின் இடம். வடம் 60 மீட்டர், டோஃபிஷ் 15 மீட்டர் ஆழத்தில் என்றால் கிடைமட்டத் தூரம் ஏறக்குறைய 58 மீட்டர். வடம் நேர்க்கோடாக இல்லாமல் தொய்ந்து வளைந்திருப்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் குறையும். இந்த 58 மீட்டரைப் படகின் மூக்குத் திசைக்கு நேர் பின்னால் வைக்காமல், படகு வந்த தடத்தின் மேல் வைக்க வேண்டும். டோஃபிஷில் ஒலிவழி இருப்பிடமானி பொருத்தியிருந்தால் இந்தக் கணக்கை அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். படகு திரும்பும் வளைவுகளில் எடுத்த தரவைத் தயங்காமல் வெட்டி எறியுங்கள்.

மூன்றாவது, அடித்தளக் கோட்டைப் பிடித்தல். நீர்ப்பட்டைக்கும் தரைக்கும் இடையிலுள்ள விளிம்பை மென்பொருள் தானாகவே வரையும். மீன்கூட்டம், கடற்புல், படகின் நுரை ஆகியவற்றைக் கண்டு அது ஏமாறும் என்பதால் முழு நீளத்தையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் அடுத்து வரும் இரண்டு படிகளும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கின்றன.

நான்காவது, சாய்தூரத்தைத் தரைத்தூரமாக்குதல். சோனார் அளப்பது டோஃபிஷிலிருந்து பொருளுக்குள்ள சாய்ந்த தூரத்தை. அதன் வர்க்கத்திலிருந்து உயரத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் தரைத்தூரம் கிடைக்கும். 10 மீட்டர் உயரத்தில், 15 மீட்டர் சாய்தூரம் 11.2 மீட்டர்த் தரைத்தூரமாகச் சுருங்கும். 100 மீட்டரோ 99.5 ஆக மட்டுமே சுருங்கும். ஹீவினால் வந்த அலைவு இந்தப் படியில்தான் மறைகிறது. மறையாமல் நடுப்பகுதியில் பற்களைப்போன்ற விளிம்பு எஞ்சியிருந்தால் அடித்தளக் கோடு தவறியிருக்கிறது. இந்தக் கணக்கு தரை தட்டையானது என்று வைத்துக்கொள்வதால், செங்குத்தான மணல்மேடுகளில் பிழை இருக்கத்தான் செய்யும்.

பொருளின் உயரத்தை நிழலிலிருந்து கணக்கிட விரும்பினால், அதைத் திருத்தாத படத்தில் செய்யுங்கள். நிழலின் நீளத்தை டோஃபிஷின் உயரத்தால் பெருக்கி, நிழல் முடியும் இடத்தின் சாய்தூரத்தால் வகுத்தால் போதும். 10 மீட்டர் உயரத்தில், 40 மீட்டரில் தொடங்கி 45 மீட்டரில் முடியும் நிழல், 1.1 மீட்டர் உயரமுள்ள பொருளைச் சொல்கிறது.

ஐந்தாவது, வெளிச்சத்தைச் சீராக்குதல். தூரம் கூடக்கூட ஒலி தேய்வதற்கு ஈடாகக் கருவியே பெருக்கத்தைக் கூட்டியிருக்கும். எஞ்சுவது கோணத்தைப் பொறுத்த வேறுபாடு. நேர் கீழே பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் இருக்கும். நூற்றுக்கணக்கான பிங்குகளில் ஒவ்வொரு கோணத்துக்கும் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டு, அதனால் வகுப்பதே வழக்கம். கோணம் உயரத்திலிருந்து வருவதால்தான் இந்தப் படி அடித்தளக் கோட்டுக்குப் பின் வர வேண்டும். ரோல் பதிவு இருந்தால் அதையும் கோணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மாறிமாறி வெளுத்துக் கருத்த பட்டைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். சராசரி எடுக்கும் நீளம் குறுகலாக இருந்தால் பாறைப்பாரின் பளிச்சிடும் எதிரொலியே சராசரியை உயர்த்தி, அதை அடுத்துள்ள மணலைக் கருப்பாக்கிவிடும். இல்லாத சேற்றுப்பகுதியைக் கண்டுபிடித்தவர்கள் பலர் இந்த வழியாகத்தான் கண்டுபிடித்தார்கள்.

ஆறாவது, ஒவ்வொரு கோட்டையும் அதனதன் இருப்பிடத்திலும் திசையிலும் நிலப்படத்தின் மேல் விரித்தல். யா அசைவும் பிட்சும் வேக மாற்றமும் இங்கே ஒரே நேரத்தில் திருத்தம் பெறுகின்றன. இங்கே மென்பொருளில் ஓர் அமைப்பைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்: திசையை டோஃபிஷின் திசைகாட்டியிலிருந்து எடுக்கிறதா, வழித்தடத்திலிருந்து ஊகிக்கிறதா என்பது. ஊகித்தால், குறுக்கு நீரோட்டம் இருந்த நாளின் 10 பாகைச் சாய்வு திருத்தப்படாமலேயே போய்விடும். யாவினால் விரிந்த இடைவெளிகளில், இரண்டு மூன்று கோடுகள் அளவுள்ளவற்றை அக்கம்பக்கத்துக் கோடுகளிலிருந்து நிரப்பலாம். அதற்கு மேற்பட்டவற்றை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். நிரப்பிய இடத்தில் நங்கூரம் ஒன்று கிடந்திருக்கலாம். பார்க்காத இடத்தைப் பார்த்ததாகக் காட்டும் படம் ஓட்டையுள்ள படத்தைவிட ஆபத்தானது.

கடைசியாக, செல்கோடுகளை இணைத்து மொசைக் ஆக்குவது. ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் சராசரி எடுத்தால் எல்லாம் மங்கும். அதிக வெளிச்சமுள்ளதைத் தேர்ந்தால் நிழல்கள் அழிந்துவிடும். பொருளைத் தேடும் பணிக்கு மொசைக்கை நம்பாமல் தனித்தனிச் செல்கோடுகளின் படங்களையே பாருங்கள். தரையின் வகையை வரைபடமாக்கும் பணிக்கு மொசைக் நல்லது.

சரிபார்த்தல்

ஒரே பொருளை எதிரெதிர்த் திசைகளில் சென்ற இரண்டு செல்கோடுகளில் தேடிப் பிடியுங்கள். இரண்டிலும் அதன் இடம் செல்திசையில் 6 மீட்டர் வேறுபட்டால், உங்கள் லேபேக் அல்லது கடிகாரப் பிழை அதில் பாதி, அதாவது 3 மீட்டர். ஒரு கோட்டில் முன்னேயும் மறு கோட்டில் பின்னேயும் தள்ளியதால் பிழை இரட்டித்துத் தெரிகிறது. வேகத்தை மாற்றி ஒரே திசையில் இரு முறை சென்றால் கடிகாரப் பிழையை லேபேக்கிலிருந்து பிரித்தறியலாம்.

படத்தில் செங்கோண ஒழுங்கு தெரிந்தால், முதலில் கருவியைச் சந்தேகியுங்கள். படத்தின் அச்சுகளே செங்கோணமானவை. பிங் நேரத்தில் வரும் எந்தக் கோளாறும், வெளிச்சத்தில் வரும் எந்தப் பட்டையும் செல்திசைக்கு இணையாகவோ குறுக்காகவோதான் விழும். 2001இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் குஜராத்தை ஒட்டிய காம்பே வளைகுடாவில் எடுத்த சோனார் படங்களில் தெரிந்த சதுர வடிவங்களை வைத்து, அங்கே தொன்மையான நகரம் மூழ்கியிருப்பதாக அன்றைய மத்திய அமைச்சர் முரளி மனோகர் ஜோஷி அறிவித்தார். அந்த ஒழுங்கு கருவியால் வந்ததாகவோ இயற்கையாக அமைந்ததாகவோ இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் மறுத்தனர். அந்த வாதத்துக்குள் நாம் போக வேண்டியதில்லை. ஆனால் அப்படியொரு வடிவம் உங்கள் திரையில் வந்தால் செய்ய வேண்டிய சோதனை எளிது. அதே இடத்தின் மேல் 45 பாகை சாய்ந்த இன்னொரு கோட்டில் செல்லுங்கள். சுவர் உண்மையென்றால் நிலப்படத்தில் அதே திசையில் நிற்கும். கருவியின் கோளாறு என்றால் உங்கள் செல்திசையோடு சேர்ந்து திரும்பிவிடும்.

மேலே செல்ல விரும்புவோருக்கு

செயற்கைத் துளைச் சோனார் என்னும் வகை, பல பிங்குகளின் எதிரொலிகளை ஒருங்கிணைத்து நீளமான ஒரே ஒலிவாங்கியைப்போலச் செயல்படவைக்கிறது. தூரம் கூடினாலும் செல்திசைத் தெளிவு குறையாது என்பது இதன் சிறப்பு. ஆனால் 100 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 15 மில்லிமீட்டர். அதில் சிறு பகுதிக்குள், அதாவது ஓரிரு மில்லிமீட்டருக்குள், டோஃபிஷ் எங்கே இருந்தது என்பது ஒவ்வொரு பிங்கிலும் தெரிந்தாக வேண்டும். எந்த அசைவுமானியும் தனியாக இதைத் தராது. அடுத்தடுத்த இரு பிங்குகளில் ஒலிவாங்கி வரிசையின் ஒரு பகுதி ஒரே இடத்தில் படியுமாறு செய்து, அந்த இரு எதிரொலிகளையும் ஒப்பிட்டு அசைவைக் கணக்கிடுகிறார்கள். இதனால் ஒரு பிங்குக்கு ஒலிவாங்கி வரிசையின் பாதி நீளத்துக்கு மேல் நகரக்கூடாது: 1.2 மீட்டர் வரிசையும் 150 மீட்டர் எல்லையும் என்றால் வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்ட முடியாது. ஒப்பீட்டுக்குப் பிங்குகள் படிய வேண்டும் என்பதால், நடைமுறையில் அதற்கும் கீழே.

இதற்கு நேர்மாறாக, மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் விலை குறைந்த சைடு ஸ்கேன் கருவிகளும் உள்ளன. ஹம்மின்பேர்டு கருவிகளின் பதிவைத் திறந்து மொசைக் ஆக்கப் பிங்மேப்பர் என்னும் திறந்தமூல மென்பொருள் உதவும். இவை படகின் உடலிலேயே பொருத்தப்படுவதால் லேபேக் கணக்கு இல்லை. ஆனால் படகு குலுங்குவதெல்லாம் அப்படியே படத்தில் இறங்கும், அசைவுமானியும் பெரும்பாலும் இராது. ஏரியிலும் கழிமுகத்திலும் காற்றில்லாத காலையில் பயன்படுத்துங்கள்.

கையில் கருவியே இல்லாதவர், அமெரிக்க நிலவியல் ஆய்வகம் பொதுவில் வெளியிட்டுள்ள சைடு ஸ்கேன் தரவுகளில் ஒன்றைத் தரவிறக்கிப் பழகலாம். முதற்பயிற்சியாக, அடித்தளக் கோட்டை வேண்டுமென்றே 2 மீட்டர் தவறாக வைத்துப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்தை 8 என்று கொடுத்தால், 12 மீட்டர்ச் சாய்தூரத்தில் உள்ள கல் 6.6 மீட்டரிலிருந்து 8.9 மீட்டருக்குத் தாவும். 60 மீட்டரில் உள்ள கல் 30 சென்டிமீட்டர்தான் நகரும். அடுத்து, திசையின் சராசரி நீளத்தை அரை நொடியிலிருந்து பத்து நொடி வரை படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அதே குழாயையோ இழுவலைத் தடத்தையோ அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.